விளக்கும் குடமும்: 1982 சர்வசன வாக்கெடுப்பு பற்றிச் சில குறிப்புகள்

83 யூலையைப் பற்றி எங்கட எழுத்தில் குறைவில்லை. கவிதையாய், கதையாய், சாட்சியமாய், ஆய்வாய் நிறைய வந்திருக்கிறது, இன்னும் வரும். அதற்கு ஏழு மாதம் முந்தி நடந்த ஒரு வாக்களிப்பை மட்டும் யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. 1982 டிசெம்பர் 22, புதன்கிழமை. இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு அதுதான். அது தெற்கத்திய கட்சிகளின் உட்சண்டை, எங்களுக்கென்ன என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வன்முறையின் வரலாறு ஒரு கோப்பிலும் யாப்பின் வரலாறு வேறொரு கோப்பிலும் கிடக்கிறது. முதலாவதை எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டோம். ரெண்டாவதைச் சட்டத்தரணிகளிடம் விட்டுவிட்டோம். இந்தப் பிரிவினையை ஏற்கமுடியாது என்பதற்காகவே இக்குறிப்புகள்.

முதலில் அந்தக் கேள்வியை ஒரு பிரதியாக எடுத்து வாசிப்போம். நான்காவது அரசியல் யாப்புத் திருத்தச் சட்டமூலத்தை நீங்கள் அங்கீகரிக்கிறீர்களா என்பது கேள்வி. அங்கீகரிப்போருக்கு விளக்கு, மறுப்போருக்குக் குடம். 1977 யூலையில் தெரிவான பாராளுமன்றம் 1983 ஓகஸ்டில் முடியவேண்டியது. தேர்தல் இல்லாமலே அது 1989 ஓகஸ்ட் 4 வரை நீடிக்கும் என்பதுதான் அந்தச் சட்டமூலத்தின் சாரம். ‘உங்கள் வாக்குரிமையை ஆறு வருசத்துக்கு விட்டுத் தருவீர்களா’ என்று கேட்டிருந்தால் அது நேரான கேள்வி. ‘நான்காவது’ என்ற எண்ணுக்கும் ‘திருத்தம்’ என்ற சொல்லுக்கும் பின்னால் கேள்வியின் பொருள் ஒளிந்துகொண்டது. சின்னங்களையும் பாருங்கள். எங்கட வீடுகளில் நிறைகுடமும் குத்துவிளக்கும் ஒரே வாசலில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படுபவை. ரெண்டும் மங்கலம். இந்த ரெண்டில் எது ‘வேண்டாம்’ என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது; கட்சிக்காரர் வந்து சொல்லித்தான் தெரியவேண்டும். கட்சிக்காரர் வரமுடியாத இடத்தில் என்ன நடக்கும்?

மக்களால் ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லமுடியும், கேள்வி மேலிருந்துதான் வரவேண்டும் என்று கார்ல் ஷ்மிட் 1932-இல் எழுதினார். அவர் அதை வருத்தத்தோடு எழுதவில்லை என்பது வேறு கதை. ஜே.ஆர். ஷ்மிட்டை வாசித்தாரோ என்னவோ, பிரான்சின் ஐந்தாம் குடியரசை நன்றாகவே வாசித்திருந்தார். தெ கோல் 1962-இல் பாராளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு நேரே மக்களிடம் போய்த் தனக்கு வேண்டியதைப் பெற்றார். ஜே.ஆருக்குச் சுற்றிப்போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. 168 ஆசனங்களில் 140 அவருடையவை. அவர் சுற்றிப்போக நினைத்தது தேர்தலை.

ஏன் என்பதற்கு விடை கணக்கில் இருக்கிறது. 1977-இல் ஐ.தே.க. பெற்ற வாக்கு ஏறக்குறைய 51 சதவீதம்; ஆசனம் ஆறில் ஐந்து பங்கு. ஸ்ரீ.ல.சு.க.வுக்கு ஏறக்குறைய 30 சதவீத வாக்கு, எட்டே ஆசனம். பழைய தொகுதிமுறை தந்த கொடை அது. 1978 யாப்பில் ஜே.ஆரே விகிதாசார முறையைக் கொண்டுவந்தார். 1982 ஒக்ரோபர் 20 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 34,50,811 வாக்கு, 52.91 சதவீதம். நல்ல வெற்றிதான். ஆனால் அதே வாக்கு பொதுத்தேர்தலில் விழுந்தால் புதிய முறையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆசனம் வரும். நினைத்தபோது யாப்பைத் திருத்தும் மூன்றில் இரண்டு போய்விடும். தான் போட்ட யாப்பின் விகிதாசாரத்துக்குத் தன் கட்சி உட்படாமலிருக்க அதே யாப்பின் சர்வசன வாக்கெடுப்பைக் கையிலெடுத்தார். உயர் நீதிமன்றத்தில் கருத்து நாலுக்கு மூன்றாகப் பிரிந்தது, பெரும்பான்மை வழிவிட்டது.

வெளியே சொன்ன காரணம் வேறு. எதிர்க்கட்சிக்குள் ‘நக்சலைட்டுகள்’ புகுந்துவிட்டார்கள், சதி நடக்கிறது என்பது. விஜய குமாரதுங்க கைதானார். சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை 1980-இலேயே ஏழு வருசத்துக்குப் பறிக்கப்பட்டுவிட்டது. ஜனாதிபதித் தேர்தல் நாளிலேயே அவசரகாலச் சட்டம் வந்து, வாக்கெடுப்பு முடியும்வரை எடுபடவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகை மூடப்பட்டது. ‘பவிதி ஹண்ட’ என்ற மதகுருமார் அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் பறித்தார். அது அடிப்படை உரிமை மீறல் என 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்கள் ஏற்கனவே வாங்கப்பட்டிருந்தன. இதையெல்லாம் ஒரே மூச்சில் வாசித்தால் நகைச்சுவைபோலத் தெரியும். அந்தக் காலத்தில் சிரித்தவர் குறைவு.

வாக்கெடுப்பு எப்படி நடந்தது என்பதற்குத் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே இருக்கிறது. வெளிவரத்தான் 1987 ஆயிற்று. அச்சுறுத்தல், ஆள்மாறாட்டம், குடத்தின் முகவர்களை விரட்டியது எல்லாம் உண்டு. எங்களுக்கு இது புதுசில்லை. 1981 யூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் யாழ்ப்பாணம் இதன் ஒத்திகையைப் பார்த்தது. கடைசி நேரத்தில் தேர்தல் அலுவலர்கள் மாற்றப்பட்டார்கள், வாக்குப்பெட்டிகள் காணாமல் போயின. அதற்கு மூன்று நாள் முந்தித்தான் நூலகம் எரிந்தது. சாம்பலை நினைவு வைத்திருக்கிறோம், பெட்டிகளை மறந்துவிட்டோம்.

இனி எண்களுக்கு வருவோம். விளக்கு 31,41,223, குடம் 26,05,983. 54.66-க்கு 45.34. ஒக்ரோபரில் 81 சதவீதமாக இருந்த வாக்களிப்பு டிசெம்பரில் 71 சதவீதம்கூட எட்டவில்லை. ரெண்டு மாதத்தில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமான வாக்காளர் காணாமல் போனார்கள். ஜே.ஆர். தரப்பே மூன்று இலட்சத்துக்கு மேல் இழந்தது. எதிர்த்தரப்பின் இழப்பு அதைவிடப் பெரிது: ஒக்ரோபரில் ஜே.ஆருக்கு எதிரான எல்லா வேட்பாளர்களின் வாக்கையும் கூட்டினால் 30,71,336. டிசெம்பரில் குடத்துக்கு வந்தது அதைவிட 4,65,353 குறைவு. வாக்காளர் இடாப்பில் இருந்த 81 இலட்சத்துச் சொச்சம் பேரில் விளக்குக்குப் புள்ளடி இட்டவர்கள் நூற்றுக்கு 39 பேர்கூட இல்லை. அந்த 39 பேர் நூறு பேரின் ஆறு வருசத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் சாவடிக்குப் போனவர்கள் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது.

யாழ்ப்பாண மாவட்டம் இதற்கு நேரெதிராக நடந்தது. ஒக்ரோபரில் அங்கே வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அளித்த வாக்குகளில் 40 சதவீதம் குமார் பொன்னம்பலத்துக்கு, 35 சதவீதம் கொப்பேகடுவவுக்கு, 20 சதவீதம் ஜே.ஆருக்கு. கொப்பேகடுவவுக்கு யாழ்ப்பாணத்தில் 35 என்பதைக் கனபேர் நம்பமாட்டார்கள். 1970–77 அரசின் விவசாய அமைச்சர் அவர். இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் விலைபோன காலம் அது. தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அதே அரசுதான். தோட்டக்காரன் ரெண்டையும் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறான். 77-க்குப் பிறகு வந்த திறந்த பொருளாதாரம் அவனுடைய தராசை எந்தப் பக்கம் சாய்த்தது என்பதற்கு அந்த 35 சதவீதம் ஒரு சாட்சி. எங்கட தேசியவாதக் கதையாடலில் இந்த வெங்காயக்காரனுக்கு இடமே இல்லை. அவனுடைய வர்க்கத்துக்கும் இல்லை.

டிசெம்பரில் நாடு முழுவதும் வாக்களிப்புக் குறைந்தபோது யாழ்ப்பாணத்தில் அது கூடியது. ஏறக்குறைய 59 சதவீதம். விளக்குக்கு 25,312, குடத்துக்கு 2,65,534. நூற்றுக்கு 91. வேட்பாளர்கள் நின்றபோது வீட்டிலிருந்த சனம், ‘இல்லை’ என்று சொல்ல ஒரு பெட்டி கிடைத்ததும் வெளியே வந்தது. ஒரு கட்சிக்கோ தலைவருக்கோ விழுந்த வாக்கில்லை இது. பாராளுமன்றத் தேர்தல் நடக்கவேண்டும் என்று யாழ்ப்பாணம் சொன்னது. பிரிவினைவாதிகள் என்று பட்டம் சூட்டப்பட்ட மாவட்டம்தான் இலங்கைப் பாராளுமன்றத்தின் ஜனநாயகத்துக்காக மற்றெல்லா மாவட்டங்களையும்விட உறுதியாக நின்றது. இந்த முரணைச் சிங்கள இடதுசாரிகளும் சரி நாங்களும் சரி போதுமான அளவு யோசிக்கவில்லை. தென்கரை மாவட்டங்களிலும் குடம் பலமாகவே இருந்தது. அந்த ரெண்டு ‘இல்லை’களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

மலையகம் விளக்கின் பக்கம் நின்றது. தொண்டமான் 1978-இலிருந்து அமைச்சர். இதைத் துரோகம் என்று எழுதுவது எங்கட ஆக்களுக்கு வசதி. 1948-இல் குடியுரிமையும் அடுத்து வாக்குரிமையும் பறிபோய், முப்பது வருசம் வாக்குப்பெட்டிக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனம் அது. அந்தச் சட்டத்துக்கு வடக்கிலிருந்து கைதூக்கியவர்களும் உண்டு. வாக்கு என்பது அவர்களுக்குக் கொள்கை விளக்கத்துக்கான கருவியாக இருக்கவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கான பேரம்பேசலாக இருந்தது. நூறு சதவீதத் தமிழன் என்ற அளவுகோலால் அந்த வாக்கை வாசிக்கமுடியாது.

இங்கே ஒரு பழைய கணக்கையும் எடுக்கவேண்டும். பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதை ஜே.ஆர். கண்டுபிடிக்கவில்லை. 1970-இல் ஐந்து வருசத்துக்குத் தெரிவான சபை 1972 யாப்பின் வழியாகத் தனக்குத்தானே 1977 வரை ஆயுள் கொடுத்தது. அப்போது வாக்கெடுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை எதிர்த்து 1975-இல் ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் நின்று, மறுபடி வென்று வந்தவர் யார் தெரியுமோ? ஜே.ஆரேதான். அதே யாப்பை எதிர்த்து 1972-இல் காங்கேசன்துறையைத் துறந்தார் செல்வநாயகம். அவருடைய இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தார்கள். 25,927-க்கு 9,457 என்று வென்றார். அந்த வெற்றியைத் தமிழரின் தீர்ப்பாக அறிவித்தார். ஒரே வருசம், ஒரே யாப்பு, ரெண்டு இடைத்தேர்தல்கள். ரெண்டுமே ஒரு தொகுதியின் வாக்கை யாப்பு மீதான வாக்கெடுப்பாக மாற்றிய முயற்சிகள்.

1977-இல் கூட்டணி இதையே பெரிதாகச் செய்தது. வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு ஆணை கேட்டுப் பொதுத்தேர்தலில் நின்றது. தேர்தல் வாக்கெடுப்பாயிற்று. வடக்கின் 14 ஆசனங்களும் கிடைத்தன, கிழக்கில் நாலு. பதினெட்டு என்று கூட்டிச் சொன்னால் அது ‘தமிழீழத்துக்கான ஆணை’. பிரித்துச் சொன்னால் வடக்கு ஒரு பதிலும் கிழக்கு வேறு பதிலும் சொல்லியிருப்பது தெரியும். கூட்டணியோடு சேர்ந்து நின்ற முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியின் வேட்பாளர் ஒருவரும் வெல்லவில்லை. மலையகத்தின் பெயரால் தொண்டமான் தனிநாட்டுக் கோரிக்கையிலிருந்து ஏற்கனவே விலகியிருந்தார். கிழக்கில் வென்ற நால்வரில் இருவர் ரெண்டு வருசத்துக்குள் அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள். கூட்டல் இந்த வேறுபாடுகளை விழுங்கிவிட்டது. 1982-இல் தீவு முழுவதையும் ஒரே பெட்டியாக எண்ணி யாழ்ப்பாணத்தின் 91-ஐ விழுங்கியதும் இதே கூட்டல்தான். அளவு வேறு, அதிகாரம் வேறு. எண்ணும் முறை ஒன்று.

சரி, நீட்டிக்கப்பட்ட ஆயுளை வைத்து அந்தச் சபை என்ன செய்தது? திகதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது பாராளுமன்றத்தின் இயல்பான ஆயுள் 1983 ஓகஸ்ட் 4-இல் முடிந்திருக்கவேண்டும். யூலைக் கடைசி வாரம் கொழும்பு எரிந்தது. பிரிவினை கோருவதைத் தடைசெய்து, அதற்கு எதிராகச் சத்தியம் செய்யாதவர் ஆசனத்தை இழப்பார் என்ற ஆறாம் திருத்தம் சட்டமானது ஓகஸ்ட் 8. அதாவது விளக்கு கொடுத்த கூடுதல் ஆயுளின் முதல் வாரத்திலேயே. அதன் விளைவாகக் கூட்டணியின் 16 உறுப்பினர்களும் ஆசனம் இழந்தார்கள். தேர்தல் வேண்டும் என்று மற்றெவரையும்விட உரக்கச் சொன்ன மாவட்டத்துக்குப் பிரதிநிதியே இல்லாமல் போனது. ஆயுதம் தூக்கிய தலைமுறைக்கு இதைவிட வாய்ப்பான வாதம் யாரும் எழுதிக் கொடுத்திருக்கமுடியாது. ‘பாராளுமன்றப் பாதை மூடிவிட்டது’ என்ற வசனத்தை நாங்கள் உருவகமாக வாசித்துப் பழகிவிட்டோம். அது நேரடியான செய்தி. மூடிய திகதி, வாக்கு எண்ணிக்கை, சட்ட இலக்கம் எல்லாம் இருக்கின்றன.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும். ஒரு மக்கள் கூட்டத்தின் பிரதிநிதித்துவத்தை அகற்ற வேண்டாம். ஒற்றையாட்சியை மாற்ற வேண்டும், பௌத்தத்துக்கான முதன்மையிடத்தைத் தொட வேண்டும். 83-ஆம் உறுப்புரை எதற்குக் காவல் நிற்கிறது, எதற்கு நிற்கவில்லை என்ற பட்டியலே அந்த யாப்பு யாரை ‘மக்கள்’ என்று கருதுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

அதே சபைதான் 1987-இல் பதின்மூன்றாம் திருத்தத்தையும் நிறைவேற்றியது. அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா என்பதில் ஒன்பது நீதியரசர்களும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள். இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் வேறொரு வாக்கெடுப்பு வாக்குறுதியாக இருந்தது. வடக்கோடு இணைந்திருப்பதா என்பதைக் கிழக்கு மாகாணம் 1988 முடிவுக்குள் தீர்மானிக்கும் என்று. தள்ளிப்போடும் அதிகாரம் ஜனாதிபதிக்கு. ஜனாதிபதிகள் மாறி மாறித் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. வாக்கெடுப்பு நடக்காமலே விடை வந்துவிட்டது. இதில் எங்கட பக்கத்து மௌனத்தையும் சொல்லவேண்டும். அந்த வாக்கெடுப்பு நடக்காததில் தமிழ்த் தலைமைகள் பலவற்றுக்கு உள்ளூர நிம்மதிதான். மூன்றிலொரு பங்கு முஸ்லிம்களும் நாலிலொரு பங்கு சிங்களவரும் வாழும் மாகாணத்தில் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம். 1990-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்தபிறகு அந்தப் பதிலை ஊகிப்பது கடினமில்லை. சுயநிர்ணயம் பேசுகிறவர்கள் கிழக்கு முஸ்லிமின் சுயநிர்ணயக் கேள்வியை ஒவ்வொரு வருசமும் ஜனாதிபதி ஒத்திவைத்தபோது பேசாமல் இருந்தோம்.

2009 மே மாதத்தில் நோர்வேயில் தொடங்கி, கனடா, பிரித்தானியா என்று புலம்பெயர் தமிழரிடையே வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்புகள் நடந்தன. முடிவுகள் 99 சதவீதத்தை ஒட்டி. முள்ளிவாய்க்காலின் ஈரம் காயாத நாட்கள்; அந்த வாக்கின் பின்னாலிருந்த துயரத்தைக் கேலி செய்கிறவன் மனிதனில்லை. ஆனாலும் 99 என்ற எண்ணைப் பார்த்ததும் அரசியல் தெரிந்தவனுக்கு உறுத்தவேண்டும். 1984-இல் சியா உல் ஹக் பாகிஸ்தானில் இஸ்லாமியமயமாக்கலை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டார்; ஆதரித்தால் தானே ஐந்து வருசம் ஜனாதிபதி என்று அர்த்தமும் சொல்லிவைத்தார். உத்தியோகபூர்வ முடிவு 98 சதவீதத்துக்கும் மேல். சியாவின் வாக்கெடுப்பும் புலம்பெயர் வாக்கெடுப்பும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அங்கே அரசும் இராணுவமும். இங்கே அகதிகளின் தன்னார்வம். ஆனால் ரெண்டிலும் குடத்துக்காகக் கூட்டம் போட்டவர்கள் யார்? குடத்தின் முகவராகச் சாவடியில் உட்கார்ந்தவர் யார்? 82-இல் அவர்களை அடித்து விரட்டினார்கள் என்று கோபப்படுகிறோம். எங்கட வாக்கெடுப்பில் அப்படியொரு ஆள் வருவார் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

இது பழங்கதை இல்லை. 2024 மே மாதம் ஐ.தே.க.வின் பொதுச்செயலாளர் ஜனாதிபதியினதும் பாராளுமன்றத்தினதும் காலத்தை ரெண்டு வருசம் நீட்டச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தலாம் என்று யோசனை சொன்னார். அதே கட்சி, அதே மருந்து. இம்முறை எடுபடவில்லை, செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. நவெம்பர் பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 ஆசனம் பெற்றது. விகிதாசார முறையிலேயே மூன்றில் இரண்டு. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றும் அவர்களுக்கே. அந்த வாக்கையும் துரோகம் என்று எழுதினார்கள் சிலர். வெங்காயக்காரனைத் தெரியாதவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

புதிய யாப்பு அக்கட்சி கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. ஒற்றையாட்சி என்ற சொல்லைத் தொடும் எந்த யாப்பும் தீவளாவிய வாக்கெடுப்புக்குப் போயாகவேண்டும். அப்போது 82-இன் கேள்விகள் எல்லாம் திரும்பி வரும். கேள்வியை யார் எழுதுவது, எந்த மொழியில் முதலில் எழுதுவது, எண்ணும்போது மாகாணத்துக்கு மாகாணம் வரும் பதிலுக்கு ஏதாவது எடை உண்டா, வடகிழக்கும் மலையகமும் ‘இல்லை’ என்று சொன்ன யாப்பு மொத்தத் தொகையில் வென்றுவிட்டால் அதை யாருடைய யாப்பு என்பது. எதிர்ப்பக்கமும் கேட்கவேண்டும்: வடகிழக்கு ‘ஆம்’ என்று சொல்லி, கிழக்கு முஸ்லிம் கிராமங்கள் மட்டும் ‘இல்லை’ என்றால் எங்கட பத்திரிகைகள் அந்த எண்ணைத் தனியாக அச்சிடுமா? கேள்வித்தாள் அச்சாகிற நாளில் இதையெல்லாம் எழுப்பிப் பயனில்லை. 1982-இல் பாராளுமன்றம் சட்டமூலத்தை எடுத்ததுக்கும் வாக்களிப்புக்கும் நடுவில் ரெண்டு மாதம்கூட இருக்கவில்லை.